கடப்பாக் கல்லில் திராட்சை, வெள்ளை மேடையில் கட்டன் சாயா: அடுப்படி மேடைக் கறைகளுக்கு ஒரு விரிவான பதில்

தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து ஒரு சகோதரி தம் வீட்டு அடுப்படி மேடைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பழைய வீட்டில், அவருடைய அத்தை புழங்கும் அடுப்படியில், கருப்புக் கடப்பாக் கல் பதித்த மேடை இருக்கிறது. அதன் மேல் பன்னீர் திராட்சைச் சாறு கொட்டி ஓர் இரவு முழுதும் கிடந்துவிட்டது. மறுநாள் எலுமிச்சம்பழத்தையும் சமையல் சோடாவையும் சேர்த்துத் தேய்த்ததில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று உண்டாகி, எத்தனை முறை கழுவியும் போகாமல் நிற்கிறது. சென்ற ஆண்டு கட்டிய புது வீட்டில் வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை. அதில் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், தம்ளர் வைத்த வட்டங்களும், பதிமுகம் என்ற மரக்கட்டையைக் கொதிக்கவைத்த குடிநீர் சொட்டிய இளஞ்சிவப்புக் கறையும் படிந்திருக்கின்றன. அந்தக் கறைகளுக்கு பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசி இரவெல்லாம் விட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மீதியை எழுதி முடிப்பதற்குள் அந்தப் பவுடர் மேடையேறிவிடக் கூடாது. கம்பத்தில் இருந்துகொண்டு, கீழே உத்தமபாளையம் வரையிலும் மேலே குமுளி, வண்டிப்பெரியாறு வரையிலும் 22 ஆண்டுகளாகக் கல் மேடை பதிப்பதும் பாலிஷ் போடுவதுமே என் தொழில். இத்தனை ஆண்டுகளில் கறையால் கெட்டுப்போன மேடை என்று நான் பார்த்தவை மிகக் குறைவு. கறையை எடுக்கப் போய்க் கெட்டுப்போன மேடைகளே மிகுதி. கறை பெரும்பாலும் திரும்பி வெளியே வந்துவிடும். அரித்துப்போன கல் திரும்பி வராது. ஆகவே எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன், எந்தக் கல்லின் மேல் பூசுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடப்பாக் கல் என்று நாம் சொல்வது ஆந்திரத்தின் கடப்பா வட்டாரத்திலிருந்து லாரியில் வரும் கருமை நிறச் சுண்ணாம்புக் கல். நம் பக்கத்தில் கிரானைட் மேடை பரவலாவதற்கு முன்னால் கட்டிய வீடுகளில் அடுப்பு மேடை, அலமாரித் தட்டு, துணி துவைக்கும் கல் எல்லாமே பெரும்பாலும் அதுதான். அது கருப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் பலரும் அதைக் கிரானைட்டின் தம்பி என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிறப்பில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. கிரானைட் பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியது. அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் இருக்கின்றன. அடுப்படியில் புழங்கும் புளிப்பு எதுவும் அதை எளிதில் தொடாது. கடப்பாவின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அத்தகைய கல்லைச் சுட்டு நீற்றியதுதான். புளிப்பு பட்டால் அது கரைகிறது. கரையும்போது கரியமில வாயு குமிழியாக வெளியேறுகிறது. எலுமிச்சைச் சாற்றில் ஒரு சொட்டை மேடையின் ஓர் ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில் விட்டு உற்றுப் பாருங்கள்: நுண்ணிய குமிழிகள் எழுந்தாலோ, துடைத்த பின் அந்த இடம் பளபளப்பு இழந்தாலோ அது கடப்பா அல்லது மார்பிள். எதுவும் நிகழாவிட்டால் கிரானைட் என்று கொள்ளலாம்.

இப்போது பழைய வீட்டுத் திட்டுக்கு வருகிறேன். பன்னீர் திராட்சை நம் பள்ளத்தாக்கின் பெருமை; 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் கடப்பாக் கல்லைப் பொறுத்தவரை அந்தச் சாறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதன் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் கல்லின் நுண்துளைகளில் இறங்குகிறது. சாற்றில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கல்லின் மேற்பரப்பை மெல்ல அரிக்கிறது. ஓர் இரவு கிடந்த சாறு தொடங்கிவைத்த அரிப்பை, மறுநாள் தேய்த்த எலுமிச்சம்பழம் முழுமையாக்கிவிட்டது. அந்த வெளிறிய திட்டு கறையே அல்ல. மெருகேற்றிய பரப்பு கரைந்து சொரசொரப்பாகிவிட்டதால், விழுகின்ற ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுகிறது. கருப்புக் கல்லில் அந்தச் சிதறல் வெளுப்பாகத் தெரிகிறது. இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். திட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது திட்டு மறைந்து, காய்ந்ததும் மறுபடி தோன்றினால் அது அரிப்பு. ஈரத்திலும் வெளுப்பு மறையாமல், நகத்தால் வருடும்போது மேடாகத் தட்டுப்பட்டால் அது போர் தண்ணீரின் உப்புப் படிவு. பிளாஸ்டிக் அட்டையைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

எலுமிச்சையும் சோடாவும் என்ற அந்தக் கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாத வீடே இல்லை. புளிப்பும் சோடாவும் சேரும்போது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மையில் அவை ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது சற்று உப்புக் கலந்த தண்ணீர் மட்டுமே. தனியாகப் பூசினால் சோடாவுக்கு ஒரு பயன் உண்டு, தனியாக இருக்கும் எலுமிச்சைக்கு வேறொரு பயன் உண்டு. சேர்த்துவிட்டால் இரண்டும் வீண். கடப்பாவின் மேல் அது வீணாகப் போவதோடு நிற்பதும் இல்லை. சோடாவோடு சேர்ந்து முறியாமல் எஞ்சிய புளிப்பு கல்லைத் தின்னத் தொடங்கிவிடுகிறது.

அந்தத் திட்டைக் குணப்படுத்தத் தேய்த்து மெருகேற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பெயின்ட் கடையில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் எமரித் தாள் கிடைக்கும். 400, 800, 1200, 2000 என்ற எண்களில் ஒவ்வொரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். தாளை ஒரு மரக் கட்டையில் சுற்றி, கல்லை நனைத்துக்கொண்டு, முதலில் 400 தாளால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். திட்டோடு நிறுத்திவிடாமல் அதைச் சுற்றி நான்கு விரற்கடை தூரம் வரை தேய்த்தால்தான் பிறகு எல்லை தெரியாது. வெளுப்பு முழுதும் போய்ப் பரப்பு ஒரே சாம்பல் நிறமாக வந்தபின் நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கும் வரை பொறுமையாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டிவிட்டால் அந்தக் கீறல் கடைசிவரை தெரியும். 2000 முடிந்து கல் முழுதும் காய்ந்தபின் நிறமற்ற கல் மெழுகைத் துணியில் எடுத்து மெல்லியதாகத் தடவித் தேய்த்தால் கருமை திரும்பும். ஆனால் கீழே சொல்லும் பற்றோ சீலரோ போட வேண்டியிருந்தால் இப்போது மெழுகு பூச வேண்டாம். அத்தை ஒருவேளை தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார். எண்ணெய் கடப்பாவைக் கருப்பாக்கும் என்பது உண்மைதான், நம் வீடுகளில் காலம் காலமாகச் செய்ததும் அதுதான். ஆனால் அடுப்பருகே எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து, தூசியையும் அடுத்த கறையையும் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் அடுப்படி மேடைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

திட்டை மெருகேற்றியபின் அதற்குக் கீழே ஊதா நிழல் ஏதேனும் தென்பட்டால் அது இறங்கிப்போன திராட்சை நிறம். அதை மேலிருந்து தேய்த்து எடுக்க முடியாது. உறிஞ்சி எடுக்க வேண்டும். கல்லுக்குப் பற்றுப் போடுவது என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நெற்றிக்குப் பற்றுப் போடுவது போலவே, கறையைக் கரைக்கும் நீர்மத்தை உலர்ந்த தூளில் குழைத்துக் கல்லின் மேல் கனமாக அப்பிவிட வேண்டும். நீர்மம் கல்லுக்குள் இறங்கி நிறத்தைக் குலைக்கிறது. பற்று மெல்லக் காயும்போது கல்லுக்குள் இருக்கும் ஈரம் மேலேறித் தூளுக்குள் வருகிறது. வரும்போது கறையையும் கொண்டுவந்துவிடுகிறது. சோடாவோ மாக்கல் மாவோ சாக்பீஸ் பொடியோ தூளாக இருக்கலாம். நீர்மமாக, தேநீர், காபி, திராட்சை, பதிமுகம் போன்ற தாவர நிறங்கள் எல்லாவற்றுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பொருந்தும். மருந்துக் கடையில் பழுப்பு நிறப் புட்டியில் 6 விழுக்காடு வலிமையில் அது கிடைக்கிறது. நிறப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து வெளுக்கவைத்தபின் அது வெறும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. சாப்பாட்டுப் பொருள் வைக்கும் மேடையில் எதையும் மிச்சம் விடாமல் போவதுதான் அதன் சிறப்பு.

பற்றை இட்லி மாவுப் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து, கறையைச் சுற்றி ஓர் அங்குலம் கூடுதலாக, அரை விரற்கடைக் கனத்துக்கு அப்பி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களில் டேப் ஒட்டிவிட வேண்டும். தாளில் ஊசியால் ஐந்தாறு துளை போட்டு 24 மணி நேரம் விட்டபின், தாளை எடுத்துப் பற்று தானாக முழுதும் காயும்வரை காத்திருக்க வேண்டும். காயும் அந்த நேரத்தில்தான் கறை மேலே வருகிறது; ஈரமாக இருக்கும்போதே வழித்துக் கழுவிவிட்டு, பற்று வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலர். காய்ந்தபின் மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடைக்கலாம். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டி வரும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: கடப்பா போன்ற கருப்புக் கல்லில் பெராக்சைடு மேல்மெழுகையும் நிறத்தையும் சற்று மங்கச் செய்யக்கூடும். ஆகவே ஓர் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் நடுவில் போட வேண்டும். கையுறை அணிந்துகொள்ளுங்கள், 6 விழுக்காடு பெராக்சைடு பட்டால் விரல் நுனி வெளுத்து ஊறும்.

சோடாவைத் தொட்டதும் திராட்சைக் கறை நீலமாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். அந்த நிறப்பொருள் புளிப்பில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் நிற்கும் இயல்புடையது. நிறம் மாறியதால் கறை கூடிவிடவில்லை.

புது வீட்டு மேடை முற்றிலும் வேறு பொருள். குவார்ட்ஸ் மேடை என்று கடையில் விற்பது வெட்டியெடுத்த பாறை அல்ல. ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு மேல் குவார்ட்ஸ் தூளையும் மணிகளையும் பாலியெஸ்டர் பிசினில் கலந்து, அழுத்தி, சூடேற்றி இறுக்கிய பலகை. அதில் நுண்துளை அநேகமாக இல்லை என்பதால் தேநீர் உள்ளே இறங்குவதில்லை. இதைக் கேட்டதும் நீங்கள் ஆறுதல் அடையலாம். உங்கள் வட்டங்கள் மேலே ஒட்டியிருப்பவைதான். ஆனால் அந்தப் பிசின்தான் அதன் பலவீனமும். கடும் காரமும் குளோரினும் நெடுநேரம் நின்றால் பிசின் மங்கி, வெளுத்து, பிறகு எந்தப் பாலிஷுக்கும் எளிதில் பழைய பளபளப்பு திரும்பாது. பிளீச்சிங் பவுடரில் குளோரினோடு சுண்ணாம்பும் இருக்கிறது; இரவெல்லாம் விட்டால் காலையில் காரமான சுண்ணாம்புப் படலம் இறுகிப் பிடித்திருக்கும். அதை எடுக்க நீங்கள் கம்பி நார் எடுப்பீர்கள். கம்பி நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகள் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகும். அருகில் இருக்கும் எவர்சில்வர் சிங்கில் அந்தக் குளோரின் நீர் வழிந்து தங்கினால் அதுவும் புள்ளி புள்ளியாக அரிபடும். இப்படி ஒரே பூச்சில் மேடையும் சிங்கும் கெட்ட அடுப்படி ஒன்றைக் குமுளியில் நான் பார்த்திருக்கிறேன். தேநீர் வட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

தேநீர் வட்டம் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்பதை அறிந்துகொண்டால் எடுக்கும் வழியும் தெளிவாகும். வண்டிப்பெரியாற்றுத் தேயிலையைப் பால் சேர்க்காமல் கடுமையாகக் கொதிக்கவைத்த கட்டனில், செம்பழுப்பு நிறம் தரும் பாலிஃபீனால்கள் செறிவாக இருக்கின்றன. பால் சேர்த்த சாயாவில் பாலின் புரதம் அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; கட்டனில் பிடிக்க ஆளில்லை. தம்ளரின் அடியில் ஒட்டிய சொட்டு ஓரத்திலிருந்து காயும்போது அவை எல்லாம் வட்டத்தின் விளிம்புக்கு வந்து சேர்கின்றன. மேடையில் ஏற்கனவே போர் தண்ணீரின் உப்புப் படலம் மெல்லியதாக இருந்தால், தேநீர் கல்லில் ஒட்டாமல் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. பல வீடுகளில் குவார்ட்ஸில் கறை என்று சொல்வது உண்மையில் உப்புப் படலத்தின் கறைதான்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து மென்மையான ஸ்பாஞ்சால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். பிசுக்கு இருக்கும்வரை வேறு எதுவும் கறையைத் தொடாது. பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து வட்டங்களின் மேல் பூசி 10 நிமிடம் விட்டு, ஈரத் துணியால் அழுத்தாமல் தேய்த்தெடுங்கள். பாதிக்கு மேற்பட்ட வட்டங்கள் இதிலேயே போய்விடும். மிஞ்சுகிறவற்றுக்கு, கடையில் வாங்கிய பெராக்சைடில் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 விழுக்காடாக்கி, வெள்ளைப் பருத்தித் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். துணி வெள்ளையாக இருப்பது முக்கியம். பழைய சேலைத் துண்டைப் போட்டால் அதன் சாயம் மேடையில் இறங்கிவிடும். நன்றாகக் கழுவியபின்னும் ஒரு மங்கலான நிழல் இருந்து, நகத்தில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது உப்புப் படலம். அதற்கு மட்டும், குவார்ட்ஸில் மட்டும், எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து தடவி இரண்டு நிமிடத்தில் துடைத்துக் கழுவிவிடலாம். அந்த எலுமிச்சைத் துணி தவறியும் பழைய வீட்டுக்குப் போக வேண்டாம்.

பதிமுகம் வேறு சுவாரசியம் உடையது. மலையேறிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் ஓட்டல்களில் முதலில் வைக்கும் அந்தச் சிவந்த வெந்நீர், இப்போது நம் பக்கத்து வீடுகளிலும் குடிநீராகிவிட்டது. அது சப்பங்கி மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை. முற்காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றிய மரமும் அதுவே என்பதை நினைவில் கொண்டால், வெள்ளை மேடையில் அது ஏன் ஒட்டுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மரத்திலிருக்கும் பிரேசிலின் என்ற பொருள் காற்றுப் பட்டுச் சிவக்கிறது. புளிப்பில் மஞ்சளாகவும், காரத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும் அது நிறம் மாறும். அதனால்தான் சோப்பும் சோடாவும் போட்டவுடன் கறை கூடிவிட்டதாகத் தோன்றும்; எலுமிச்சை தொட்டதும் கறை போய்விட்டதாகத் தோன்றும்; இரண்டுமே கண்ணின் மயக்கம். மஞ்சளாகி மறைந்தது போல் தோன்றிய கறை, அடுத்த முறை சோப்புத் துணி படும்போது மீண்டும் சிவந்து எழும். அதற்கு உண்மையான வைத்தியம் பெராக்சைடுத் துணிதான். அரை மணி நேரத்தில் போகாவிட்டால் துணியை மறுபடி நனைத்து, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி இரண்டு மணி நேரம் விடலாம். மஞ்சள் பால் சிந்திய கறைக்கும் இதே நிறம் மாறும் குணம் உண்டு, காரத்தில் அது செம்பழுப்பாகும். ஆனால் மஞ்சள் வெயிலைத் தாங்காது. சன்னல் வழியாக வெயில் விழும் மேடையாக இருந்தால் கழுவிவிட்டு இரண்டு நாள் விட்டாலே மங்கிவிடும். சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் ஒற்றி எடுக்கலாம், அடுப்பை அணைத்துவிட்டு.

காபிக்குத் தனியாகச் சொல்ல ஒன்றே உண்டு. டிக்காஷன் கறையைத் தேநீர்க் கறை போலவே எடுக்கலாம். பால் சேர்ந்த காபிக்கு மட்டும் முதலில் கொதிநீர் ஊற்றக் கூடாது, பாலின் புரதம் வெந்து இறுகிவிடும். குளிர்ந்த நீரும் சோப்பும் முதலில், சூடு பிறகு.

கிரானைட் மேடை உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல். கருப்புக் கிரானைட்டில் பானக் கறை அநேகமாக இறங்காது. வெளிர் நிறக் கிரானைட் சற்று உறிஞ்சும். அங்கே மேலே சொன்ன பெராக்சைடுப் பற்று நன்றாக வேலை செய்யும். அவர்களுக்கு வரும் உண்மையான தொல்லை, தேநீர் வட்டம் கருப்பாக மாறிவிடுவதுதான். ஈரமான தோசைக்கல்லையோ இரும்புச் சட்டியையோ தேநீர் சிந்திய இடத்தில் வைத்தாலும், இரும்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரில் துடைத்தாலும் அது நேரும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கருமை. தேநீரின் துவர்ப்பும் தோசைக்கல்லின் இரும்பும் சேர்ந்து உங்கள் மேடையில் அதே மையைத் தயாரித்துவிடுகின்றன. இதற்குப் பெராக்சைடு போதாது. இரும்பைப் பிடித்து இழுக்கும் சிட்ரிக் அமிலம் வேண்டும். லெமன் சால்ட் என்று மளிகைக் கடையில் தருவதை ஒரு தேக்கரண்டி எடுத்து அரைத் தம்ளர் நீரில் கரைத்து, சோடா சேர்க்காமல், மாக்கல் மாவில் குழைத்து ஒரு மணி நேரம் பற்றுப் போட்டுக் கழுவலாம். கிரானைட்டில் மட்டும், அதுவும் முதலில் ஓரத்தில் சோதித்தபின்.

டைல்ஸ் மேடையில் கறை டைலில் நிற்பதில்லை, இடைச் சந்தில் பூசிய ஒயிட் சிமெண்டில் நிற்கிறது. பழைய பல் துலக்கியால் சோடாப் பசையைத் தேய்த்து, பெராக்சைடு விட்டால் போதும். ஆசிட் ஊற்றினால் கறையோடு சிமெண்டும் கரைந்து, சந்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கும்.

எந்த மேடையாக இருந்தாலும், ஒரு புட்டி வேலை செய்யவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு புட்டியை ஊற்றாதீர்கள். குளோரின் பிளீச்சோடு கழிவறை ஆசிடோ வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் குளோரின் வாயு எழும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு எழும். அடுப்படி சிறியது, பெரும்பாலும் ஒரே சன்னல், உள்ளே நிற்பவர் வயதான அத்தை. ஒன்றைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, அடுத்ததை மறுநாள் தொடுங்கள்.

கறை மீண்டும் இறங்காமலிருக்கக் கடப்பாவுக்கு, கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சான சீலர் அடிப்பது நல்லது. குவார்ட்ஸுக்கு அது தேவையில்லை. விற்பவர் வற்புறுத்தினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடப்பாவின் மேல் ஒரு கரண்டித் தண்ணீரைத் தேக்கி 10 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள்; அந்த இடம் கருத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் வேண்டும். ஆனால் மெழுகு பூசிய கல்லில் சீலர் இறங்காது என்பதால், மெருகேற்றி முடித்ததும் மெழுகா சீலரா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். சாறும் சாயாவும் நாள்தோறும் புழங்கும் மேடைக்கு நான் சீலரையே சொல்வேன். கல் குறைந்தது ஒரு நாள் முழுதும் காய்ந்தபின், கல்லுக்குள் இறங்கும் வகைச் சீலரைத் துணியால் தடவி, புட்டியில் சொன்ன நிமிடங்கள் விட்டு, மேலே மிஞ்சியதை ஒரு சொட்டுக்கூட இல்லாமல் துடைத்துவிட வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: சீலர் நிறம் இறங்குவதைத்தான் தாமதப்படுத்தும், புளிப்பு அரிப்பதைத் தடுக்காது. சீலர் அடித்த கடப்பாவிலும் நன்னாரி சர்பத்துக்குப் பிழிந்த எலுமிச்சையும், குளிர்பானமும், மோரும் சிந்தினால் உடனே துணியால் ஒற்றி எடுத்துத் தண்ணீரால் துடைக்க வேண்டும். பிழிகிற வேலைக்கு மேடையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துக்கொள்வது எல்லாச் சீலரையும்விட மேலானது.

பழைய வீட்டுத் திட்டு எமரித் தாளுக்கு அடங்காமல், விரலில் குழிவாகத் தட்டுப்பட்டால் மெஷின் பாலிஷுக்கு ஆள் வைக்க வேண்டும். திட்டை மட்டும் போடச் சொல்லாமல், சுவரிலிருந்து சிங்க் வரை அந்தப் பலகை முழுவதையும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு போல அந்த இடம் தனித்துத் தெரியும். வருகிறவர் வேலை சீக்கிரம் முடியும் என்று உலர்வாகத் தேய்க்க முற்பட்டால் அனுமதிக்காதீர்கள். கல் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி, திரும்பச் சீராகாத நோயை உண்டாக்குகிறது; உங்கள் புது வீட்டுக் குவார்ட்ஸை எப்போதாவது வெட்டவோ துளைக்கவோ நேர்ந்தால் அந்த ஆபத்து கடப்பாவைவிடப் பன்மடங்கு. என்னோடு வேலை கற்ற சிலருக்கு இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை. மெஷினில் தண்ணீர்க் குழாய் இணைத்திருக்கிறாரா, முகத்தில் துணிக்குப் பதில் தூசி வடிகட்டும் முறையான முகமூடி இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அடுப்படி முழுதும் கருஞ்சேறு தெறிக்கும். அலமாரிக் கதவுகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே எடுத்து வைத்து, அன்றைய சமையலைப் புது வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.